மாத்திரை டப்பா என் ஹேண்ட்பேக்லயே இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்துல இருந்து எழுதுறேன். உங்க பேப்பர எங்க வீட்டுல நான் ஸ்கூல் படிக்கிற காலத்துல இருந்து வாங்குறோம். இப்பவும் காலைல பேப்பர் வந்து விழுந்தா மொதல்ல அப்பாதான் படிப்பாரு, கை நடுங்குறதால மேஜை மேல விரிச்சு வச்சு மூக்குக் கண்ணாடிய அது மேல வெயிட்டா வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா படிப்பாரு. அவருக்கு பார்கின்சன் வந்து 11 வருஷம் ஆச்சு.

ஏப்ரல் 11 உலக பார்கின்சன் தினம். 1817-ல இந்த நோயப் பத்தி மொதல்ல விவரமா எழுதின ஜேம்ஸ் பார்கின்சன்கிற லண்டன் டாக்டரோட பொறந்த நாள் அது. அன்னிக்கு பேப்பர்ல கட்டுரை வருது, நடக்கணும், பயிற்சி செய்யணும், மாத்திரைய நிறுத்தக்கூடாதுன்னு போடுறீங்க, எல்லாமே நல்ல விஷயம். ஆனா இந்த மாதிரி நரம்பு நோய் இருக்கறவங்க ஒரு நாள் கீழ விழுந்து எலும்ப உடைச்சுக்கிட்டாலோ, கல்லடைப்பு குடலிறக்கம்னு ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தாலோ, மயக்க மருந்து விஷயத்துல என்னென்ன பாக்கணும், வீட்டு ஆளுங்க என்ன சொல்லணும்னு நான் இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட தமிழ்ல படிச்சதில்ல. அது தெரியாம இருந்ததுக்கு எங்க வீடு பட்ட பாடு இருக்கே, அத எழுதணும்னு 3 வருஷமா நெனச்சு இப்பத்தான் உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா முழுசாப் போடுங்க.

அப்பா கொல்லைப்பக்கம் தொவைக்கிற கல்லுகிட்ட கால் வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு முறிவு. ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம், பேரு வேண்டாம், அவங்க மேல புகார் சொல்றதுக்காக நான் இத எழுதல. மறுநாள் காலைல 8 மணிக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. ராத்திரி ஒரு டாக்டர் வந்து கேட்டாரு, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா, மருந்து ஏதாவது ஒத்துக்காதா, முன்னாடி ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். வேற ஏதாவதுன்னு கேட்டப்ப நான் சொன்ன வார்த்தை "நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை சாப்பிடுறாரு சார்". நாங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம், சொந்தக்காரங்க கேட்டாலும் அதான் சொல்றது. பார்கின்சன்னு சொன்னா எதிர இருக்கறவங்களுக்குப் புரியாது, கை உதறுற வியாதின்னு சொல்ல அப்பாவுக்குப் புடிக்காது. அவரும் சரின்னு எழுதிக்கிட்டாரு. பின்னாடி கேஸ் ஷீட் காப்பி வாங்கிப் பாத்தப்ப "நரம்பு பலவீனம், சத்து மாத்திரை" அப்படிங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரே வரி இருந்துச்சு. அந்த வரியப் பாத்துட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு ஏன்னா அவர் எழுதினது என் வார்த்தையத்தான்.

அப்பாவுக்கு சின்டோபாங்கற பார்கின்சன் மாத்திரை ஒரு நாளைக்கு 4 வேளை, காலைல 6, 11, சாயங்காலம் 4, ராத்திரி 9. மொத நாள் ராத்திரி 9 மணிக்கு குடுத்துட்டேன். காலைல 6 மணிக்கு டப்பாவ எடுத்துக்கிட்டு சிஸ்டர்கிட்ட போனா "ஆபரேஷன் கேஸும்மா, சொட்டுத் தண்ணி கூடக் குடுக்காதீங்க, மயக்க மருந்து டாக்டர் கேன்சல் பண்ணிடுவாரு"ன்னாங்க. சரின்னு டப்பாவ ஹேண்ட்பேக்ல போட்டுட்டேன். 8 மணி ஆபரேஷன் 10 ஆச்சு, நடுவுல ஒரு ஆக்சிடென்ட் கேஸ் வந்துச்சு, மத்தியானம் ரெண்டரைக்குத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வச்சுப் பண்ணினாங்க, ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது. சாயங்காலம் வார்டுக்கு வந்ததும் மாத்திரை கேட்டேன், வாந்தி வர்றதால இப்ப வேண்டாம்னாங்க. வாந்திக்கு ஒரு ஊசி போட்டாங்க. ராத்திரி அப்பா என்னென்னமோ பேச ஆரம்பிச்சாரு, செவுத்துல யாரோ நிக்கிறாங்கன்னாரு, ட்ரிப்ஸ் ஊசியப் புடுங்கப் பாத்தாரு, அதுக்கு அமைதியாத் தூங்க வைக்க இன்னொரு ஊசி. அன்னிக்கு ராத்திரி அந்த வார்டு முழுசுக்கும் ரெண்டே சிஸ்டர், அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், உக்காரக்கூட நேரமில்லாம ஓடிக்கிட்டிருந்தாங்க.

விடிஞ்சப்ப அப்பா மரக்கட்டை மாதிரி கெடந்தாரு. முழங்கைய மடக்கப் பாத்தா மடங்கல, கண்ணு தொறந்திருக்கு ஆனா இமைக்கவே இல்ல, வாயோரமா எச்சி வழியுது, உடம்பு அனலாக் கொதிக்குது, வேர்வைல பெட்ஷீட் நனஞ்சு போச்சு. கூப்பிட்டா பதில் இல்ல. ஸ்ட்ரோக்கா இருக்கும்னு தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தாங்க, அதுல ஒண்ணும் இல்ல. இன்பெக்ஷனா இருக்கும்னு ஆன்டிபயாடிக் மாத்தினாங்க.

மத்தியானம் 1 மணி இருக்கும், வயசான மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் வந்தாரு, பக்கத்து பெட் பேஷண்டப் பாக்க வந்தவரு. போற போக்குல அப்பாவப் பாத்தவரு நின்னாரு. கையப் புடிச்சு மெதுவா மடக்கிப் பாத்தாரு, பல்சக்கரம் மாதிரி கடக் கடக்குன்னு விட்டு விட்டு மடங்குச்சு. என்னப் பாத்து கேட்டாரு, "கடைசியா சின்டோபா எப்பம்மா குடுத்தீங்க?" நான் அந்த மருந்து பேரையே அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. முந்தாநேத்து ராத்திரி 9 மணிக்குன்னேன். விரல் விட்டு எண்ணினாரு, 40 மணி நேரம். 6 வேளை மாத்திரை போகல. டப்பா எங்கன்னு கேட்டாரு. ஹேண்ட்பேக்ல இருந்து எடுத்து அவர் கைல குடுத்தேன்.

மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் போட்டு, சாதா சின்டோபாவ தண்ணில கரைச்சு விடச் சொன்னாரு. சிஆர்னு போட்டிருக்கற மெதுவாக் கரையிற மாத்திரைய மட்டும் எப்பவும் பொடிச்சு விடக்கூடாதுன்னு அப்பவே சொல்லிக் குடுத்தாரு. ஐசியூவுக்கு மாத்தி உடம்பச் சூடு குறைக்கறதுக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணினாங்க, தசை கரையுதான்னு சிகேன்னு ஒரு ரத்தப் பரிசோதனை, கிட்னி பாதிக்காம இருக்க ட்ரிப்ஸ். சாயங்காலத்துக்குள்ள கட்டை வெரல் அசைஞ்சுது. மூணாம் நாள் என் பேரச் சொன்னாரு.

அந்த டாக்டர் ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டே எனக்கு விளக்கினத இங்க எழுதறேன், ஏன்னா அத யாரும் முன்னாடியே சொல்லியிருந்தா அந்த 40 மணி நேரம் நடந்திருக்காது. பார்கின்சன்ல மூளைக்குள்ள டோபமைன்கிற ரசாயனத்தச் சுரக்கிற செல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சு போயிடுது. மாத்திரைல இருக்கற லெவோடோபாதான் மூளைக்குப் போய் டோபமைனா மாறுது. அது ரத்தத்துல ஒன்றரை மணி நேரத்துல பாதியாக் குறைஞ்சுடும். நோய் புதுசா இருக்கறப்ப மூளை கொஞ்சம் சேத்து வச்சுக்கும், வருஷம் ஆக ஆக அந்தச் சேமிப்பும் போயிடும், அப்புறம் வேளைக்கு வேளை வர்ற மாத்திரைய நம்பித்தான் உடம்பு அசையறது, முழுங்கறது, பேசறது எல்லாம். திடீர்னு நின்னா சிலருக்கு உடம்பு விறைச்சு காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். இத ஊசியாப் போட்டுச் சமாளிக்க நம்ம வார்டுகள்ல வழியில்ல, ஃபிட்ஸ் மாத்திரை போகலன்னா ஊசி இருக்கு, சுகருக்கு இன்சுலின் இருக்கு, லெவோடோபா வயித்த தாண்டி சிறுகுடலுக்குப் போய்த்தான் ரத்தத்துல கலக்கணும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. மாத்திரை போகாத உடம்புக்கு வாந்திக்குன்னு போட்ட ஊசி மெட்டோகுளோபிரமைடு, பெரிநார்ம்னு சொல்லுவாங்க. ராத்திரி தூக்கத்துக்குப் போட்டது ஹாலோபெரிடால். ரெண்டுமே மூளைல டோபமைன் போய் உக்கார்ற எடத்த அடைச்சிடற மருந்து. ஏற்கெனவே வத்திப்போன வாய்க்கால்ல மடையையும் சேத்து அடைச்ச மாதிரி. மத்தவங்களுக்கு ரெண்டும் தெனம் குடுக்கற மருந்துதான், ஸ்டெமெட்டில்னு தலைசுத்தலுக்குக் குடுக்கறாங்களே அதுவும் இந்த வகைதான். பார்கின்சன்காரங்களுக்கு வாந்தின்னா ஒன்டான்செட்ரான் போடலாம். அதுலயும் ஒண்ணு, அபோமார்ஃபின்கிற பார்கின்சன் மருந்து எடுக்கறவங்களுக்கு மட்டும் அது கூடாதாம்.

சரி, ஆபரேஷனுக்கு முன்னாடி எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு சொல்றது எதுக்கு? மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடக்கூடாதுன்னுதான். ஆனா அந்த விதிலயே தெளிவா இருக்கு, லேசான சாப்பாடுன்னா 6 மணி நேரம், வெறும் தண்ணின்னா 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், முக்கியமான மாத்திரைய ஒரு வாய்த் தண்ணியோட போட்டுக்கலாம். இது மயக்க மருந்து டாக்டருங்க அத்தன பேருக்கும் தெரிஞ்ச விஷயம். தியேட்டர்ல இருந்து வார்டுக்கு வர்றதுக்குள்ள அது "சொட்டுத் தண்ணி கூடாது"ன்னு மாறிப் போயிடுது, வார்டுல சொன்னத நம்ம மாதிரி ஆளுங்க வேதவாக்கா எடுத்துக்கறோம்.

இங்கிலாந்துல பார்கின்சன் நோயாளிகளுக்கான சங்கம் 2006-ல இருந்தே மாத்திரைய நேரத்துக்குக் குடுங்கன்னு ஆஸ்பத்திரிகள்ல ஒரு இயக்கமே நடத்துறாங்க. 2018-ல அங்க அரசு சார்புல வந்த தர விதில, ஆஸ்பத்திரில இருக்கற பார்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா அவரோட சொந்த நேரத்துல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள போயாகணும்னே எழுதிட்டாங்க. வார்டோட மருந்து ரவுண்டு நேரம் கிடையாது, நோயாளி வீட்டுல எந்த நேரத்துக்குச் சாப்பிட்டாரோ அந்த நேரம். நம்ம ஊர்ல மருந்து ட்ரே 8 மணிக்கு வரும், ரெண்டு மணிக்கு வரும், ராத்திரி எட்டுக்கு வரும், அப்பாவோட 6, 11, 4, 9 அதுல எங்கயும் பொருந்தாது.

இன்னொரு விஷயம், நம்ம பக்கத்து வீடுகளுக்கு ரொம்ப முக்கியமானது. நாட்டு மருந்துக் கடைல பூனைக்காலி விதைப் பொடி வாங்கி பால்ல கலந்து குடிக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க. அந்த விதைலயும் இயற்கையாவே லெவோடோபா இருக்கு, அது ஆராய்ச்சில நிரூபணமானது. சித்த மருந்துதானேன்னு அத இங்கிலீஷ் டாக்டர்கிட்ட சொல்றதில்ல. எவ்வளவு குடிக்கறோம், எப்ப நிறுத்தினோம்னு மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் உடம்புல என்ன நடக்குதுன்னு அவரால கணக்குப் போட முடியும். ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் ஊற குடுக்கற இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவோட சேந்து போனா அத உறிஞ்ச விடாது, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வேணும். எங்களுக்கு டிஸ்சார்ஜ்ல ரெண்டையும் ஒரே நேரத்துக்கு எழுதியிருந்தாங்க, மெடிக்கல் ஷாப் தம்பிதான் பாத்துச் சொன்னாரு.

அப்பா விஷயத்துல நான் கத்துக்கிட்டதுல பெருசு, நோயோட பேரச் சொல்றதுதான். நரம்புத் தளர்ச்சின்னு நம்ம ஊர்ல எதை எதையோ சொல்றோம், கை நடுங்குனாலும் அதான், கால் மரத்துப் போனாலும் அதான், பஸ் ஸ்டாண்ட் செவுத்து விளம்பரத்துல வர்றதும் அதே பேருதான். அந்த வார்த்தையக் கேட்டு எந்த டாக்டரும் பார்கின்சன்னு கண்டுபிடிக்க முடியாது. சில வீட்டுல தெரிஞ்சே மறைக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு சின்ன வயசுல இருந்து வலிப்பு உண்டு, மாத்திரைல நல்லாக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. கல்யாணத்தப்ப மாப்ள வீட்டுல சொல்லல. பிரசவத்துக்கு சிசேரியன்னு சேத்தப்ப மாமியார் பக்கத்துலயே இருந்ததால மாத்திரையும் போடல, டாக்டர்கிட்ட சொல்லவும் இல்ல. தியேட்டருக்குப் போறதுக்குள்ள ஃபிட்ஸ் வந்துடுச்சு. கர்ப்பிணிக்கு ஃபிட்ஸ்னா பிரஷர் ஏறி வர்றதுன்னுதான் மொதல்ல நெனப்பாங்க, அதுக்கான வைத்தியத்த ஆரம்பிச்சாங்க. நல்ல வேளையா அவ அம்மா ஓடி வந்து கதவத் தட்டி உண்மையச் சொன்னாங்க. தாயும் புள்ளையும் பொழச்சாங்க. வலிப்பு மாத்திரைய ஆபரேஷன் அன்னிக்குக் காலைலயும் போடணும், தூக்கம் முழிச்சாலும் வேளை தப்பினாலும் ஃபிட்ஸ் வரும், ஃபெனிட்டாய்ன் மாதிரி மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடறவங்களுக்குத் தசையத் தளர்த்துற மருந்து சீக்கிரமே வேலை முடிஞ்சு போயிடறதால டாக்டர் அளவையும் மாத்த வேண்டி வரும். இதெல்லாம் மாமியாருக்குப் பயந்து மறைக்கற விஷயமா சொல்லுங்க. டாக்டர்கிட்ட தனியாச் சொல்லலாமே, அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க.

தசையத் தளர்த்துற மருந்துன்னதும் இன்னொருத்தங்க ஞாபகம் வருது. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா, காலைல பளிச்சுன்னு வருவாங்க, சாயங்காலம் ஆனா ஒரு கண்ணிமை தானா இறங்கிடும், சாப்பிடறப்ப பாதிலயே தாடை ஓஞ்சு போய் கைய வச்சு முட்டுக் குடுத்துக்குவாங்க, ரொம்ப நேரம் போன் பேசினா குரல் மூக்கால வரும். வேலை அலுப்புன்னே நெனச்சோம். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் பண்ணப் போனாங்க, முடிஞ்சு மூச்சுக்கு வச்ச டியூப எடுத்ததும் மூச்சு விட முடியல, மறுபடி வென்டிலேட்டர், ரெண்டு நாள். அப்புறம்தான் மயஸ்தீனியா கிரேவிஸ்னு கண்டுபிடிச்சாங்க. நரம்பு தசைக்குச் சொல்ற சேதிய வாங்கிக்கற எடத்த உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிக்கிற நோய் அது. வெக்குரோனியம், ரோக்குரோனியம் மாதிரி மருந்து அந்த எடத்தத்தான் அடைக்கும், மத்தவங்களுக்குக் குடுக்கற அளவக் குடுத்தா இவங்களுக்கு ரொம்ப அதிகம். ஜென்டமைசின், மெக்னீசியம் இதெல்லாம் கூட அவங்களுக்குத் தசைய இன்னும் பலவீனமாக்கும். இந்த நோய் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா மயக்க மருந்து டாக்டர் அளவக் குறைச்சு, தசை எவ்வளவு தளர்ந்திருக்குன்னு கருவி வச்சு அளந்து பாத்துத்தான் டியூப எடுப்பாங்க. அந்த அக்காவுக்குத் தெரியல, டாக்டருக்கும் தெரியல. "சாயங்காலமானா கண்ணு சொருகுதா, சாப்பிடறப்ப தாடை ஓஞ்சு போகுதா"ன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்தாலோ, இல்ல இவங்களே சொல்லியிருந்தாலோ சந்தேகமாவது வந்திருக்கும்.

பெத்தவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. பையன் கீழ உக்காந்துட்டு எந்திரிக்கறப்ப தொடைல கைய ஊனி ஊனி மேல ஏறி எந்திரிக்கறானா, கெண்டைக்கால் வயசுக்கு மீறிப் பெருசா இருக்கா, அடிக்கடி விழறானா, அப்ப டான்சில் மாதிரி சின்ன ஆபரேஷன்னாலும் கண்டிப்பாச் சொல்லிடுங்க. டுஷேன்னு ஒரு தசை நோய், ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது. அது இருக்கற புள்ளைக்கு தசையத் தளர்த்துற ஸ்கோலின்கிற ஊசியப் போட்டா தசைல இருக்கற பொட்டாசியம் ஒரேயடியா ரத்தத்துல இறங்கி இதயமே நின்னு போகலாம். அமெரிக்காவுல 1990-கள்ல இதனாலயே சின்னப் புள்ளைங்களுக்கு அந்த மருந்த வழக்கமாப் போட வேண்டாம்னு எச்சரிக்கை குடுத்தாங்க. பக்கவாதத்துலயோ முதுகுத் தண்டு அடிபட்டோ கை கால் விழுந்து போனவங்களுக்கும் இதே ஆபத்து இருக்கு, அதுவும் அடிபட்டு ரெண்டு மூணு நாளுக்கு அப்புறம் இருந்து பல மாசம் வரைக்கும். பக்கவாதம் வந்தவங்க அவசரமில்லாத ஆபரேஷன குறைஞ்சது 3 மாசமாவது தள்ளிப் போடுறது நல்லதுன்னு சொல்றாங்க, 9 மாசம் வரைக்கும் பொறுக்கச் சொல்றவங்களும் இருக்காங்க. என்னிக்கு வந்துச்சுங்கற தேதி அதனாலதான் முக்கியம். "ரொம்ப நாளைக்கு முன்னாடி"ன்னு சொல்லாதீங்க.

இப்ப எங்க அப்பாவுக்குத் திரும்ப வர்றேன். அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு குடலிறக்கம் வந்துடுச்சு. எங்க எல்லாருக்கும் கை கால் ஓடல. வேற ஒரு ஆஸ்பத்திரி. இந்த தடவ ஒரு வாரம் முன்னாடியே மயக்க மருந்து டாக்டரப் பாக்கணும்னு நானே கேட்டு வாங்கினேன். ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு. நோட்டுல எழுதி வச்சிருந்ததக் காட்டினேன். அவங்க அப்பாவ கிட்டத்தட்ட அரை மணி நேரம் பாத்தாங்க. தண்ணி குடிக்கறப்ப பொரை ஏறுதான்னு கேட்டு, அவங்க முன்னாடியே ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னாங்க, ஏன்னா முழுங்கறதுல கோளாறு இருந்தா எச்சியும் சாப்பாடும் நுரையீரலுக்குப் போகும். படுக்க வச்சு பிரஷர் பாத்தாங்க, நிக்க வச்சு பாத்தாங்க, நின்னப்ப நல்லாவே இறங்குச்சு, மயக்க மருந்துல இது இன்னும் இறங்கும் அதுக்கு ரெடியா இருக்கணும்னாங்க. ராத்திரி தூக்கத்துல கத்துறாரா, கை கால் வீசுறாரான்னு கேட்டாங்க, ஆமான்னு அம்மா சொன்னாங்க. நடுக்கத்தக் குறைக்க மூளைக்குள்ள லேசா கரண்ட் குடுக்கற டிபிஎஸ் கருவி வச்சிருக்கான்னு கேட்டாங்க. அது வச்சிருந்தா அத எப்ப நிறுத்தணும், ரத்தம் நிறுத்த கரண்ட் வச்சுச் சுடற கருவில எந்த வகையப் பயன்படுத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணனுமாம். பார்கின்சனுக்கே ராசாஜிலின்னு இன்னொரு மாத்திரையும் எழுதியிருக்காங்கன்னு பாத்ததும் செவப்பு மைல வட்டம் போட்டு, வலிக்கு பெதிடின் கூடாது, டிரமடால் கூடாதுன்னு கேஸ் ஷீட்டோட மொத பக்கத்துலயே எழுதினாங்க. ரெண்டும் அந்த மாத்திரையோட சேந்தா ஆபத்தாம். நம்ம ஊர்ல ஆபரேஷன் முடிஞ்சா வலிக்கு ட்ரமடால்தான் சர்வசாதாரணமா போடுறாங்க, அந்த செவப்பு வட்டம் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

ஆபரேஷன் அன்னிக்கு அப்பாதான் மொத கேஸ், காலைல 8 மணி. 6 மணிக்கு சிஸ்டரே வந்து எழுப்பி, ஒரு வாய்த் தண்ணியோட சின்டோபா குடுத்தாங்க. நான் டப்பாவக் கைல வச்சுக்கிட்டு அழுதுட்டேன், அந்தப் பொண்ணுக்கு ஏன்னே தெரியல. முதுகுல ஊசி போட்டே பண்ணினாங்க. உள்ள மானிட்டர்ல இதயத் துடிப்பு திடீர்னு தாறுமாறா ஓடற மாதிரி கோடு வந்துச்சாம், டாக்டர் பதறாம அப்பாவோட வலது கையப் புடிச்சு மெதுவா அமுக்கி வச்சாங்களாம், கோடு சரியாயிடுச்சாம். நடுக்கம் மானிட்டர்ல அப்படித்தான் தெரியுமாம், தெரியாதவங்க இதயக் கோளாறுன்னு நெனச்சு அதுக்கு மருந்து போட்டுடலாம். 11 மணி மாத்திரைய ரெக்கவரி ரூம்லயே குடுத்தாங்க. 4 மணிக்கு வார்டுல. சாயங்காலம் அப்பா சாய்ஞ்சு உக்காந்து பேப்பர் எங்கன்னு கேட்டாரு.

ரெண்டு ஆஸ்பத்திரிலயும் படிச்ச டாக்டருங்கதான், நல்ல மனுஷங்கதான். மொத ஆஸ்பத்திரில விவரம் போய்ச் சேரல, ரெண்டாவதுல போய்ச் சேந்துச்சு. அதனாலதான் அரசாங்கத்துக்கும் ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கும் உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி பூர்த்தி பண்ற படிவத்துல சுகர், பிரஷர், ஆஸ்துமா மாதிரியே பார்கின்சன், வலிப்பு, பக்கவாதம், தசை பலவீனம் இதுக்கும் தமிழ்ல தனித்தனிக் கட்டம் போடுங்க, மாத்திரை பேருக்குப் பக்கத்துல நேரத்தையும் எழுத எடம் விடுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021-ல இருந்து வீடு வீடா வர்றாங்களே, எங்க தெருவுக்கும் வர்றாங்க, அவங்க கைல ஒரு அட்டை குடுத்து விட்டா நரம்பு நோய் இருக்கற வீட்டுல எழுதிக் குடுத்துட்டு வந்துடுவாங்க, பெரிய செலவு ஒண்ணும் இல்ல. நரம்பியல் டாக்டருங்க மாத்திரைச் சீட்டு எழுதறப்பவே கீழ ஒரு வரி, ஆபரேஷன்னா இத நிறுத்தாதீங்க, இந்த இந்த மருந்து கூடாதுன்னு எழுதிக் குடுத்தா அதவிட உதவி இல்ல.

உங்ககிட்ட கேக்கறது, வர்ற ஏப்ரல் 11-க்கு கட்டுரையோட ஒரு சின்னக் கட்டம் போடுங்க, வெட்டி எடுத்து பர்ஸ்ல வச்சுக்கற அளவுக்கு. நான் பழைய காலண்டர் அட்டைல எழுதி அப்பா சட்டைப் பையில வச்சிருக்கறத அப்படியே தர்றேன், மத்தவங்க அவங்க டாக்டர்கிட்ட காட்டி அவங்க மருந்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கட்டும்:

"எனக்கு பார்கின்சன் நோய் இருக்கு. சின்டோபா காலை 6, 11, மாலை 4, இரவு 9. ஆபரேஷன் அன்னிக்கும் ஒரு வாய்த் தண்ணியோட குடுங்க. முழுங்க முடியலன்னா டியூப் வழியாக் குடுங்க. பெரிநார்ம், ஸ்டெமெட்டில், ஹாலோபெரிடால் போடாதீங்க. ராசாஜிலின் சாப்பிடுறேன், பெதிடின், டிரமடால் வேண்டாம். என்னால அப்ப பேச முடியாம இருக்கலாம், என் மகளக் கூப்பிடுங்க."

அதுக்குக் கீழ என் போன் நம்பர் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.